கீழாநெல்லி மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை?

மூலிகையிலிருந்து மருந்து எடுப்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கே: என் மாமியாருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிப் பூ ஐந்தாறை மென்று தின்கிறார். "இதிலிருந்துதான் கேன்சருக்கே மருந்து எடுக்கிறார்கள், எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது" என்கிறார். விட்டுவிடலாமா? (வாசகி, விருதுநகர்)

ப: விடாதீர்கள். கேன்சருக்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் அதை மெல்லக்கூடாது என்பதற்கே காரணம்.

1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறை கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தது. உள்ளே இந்தச் செடியின் இலை 25. அந்த ஊரில் சர்க்கரைக்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். நோபிளும் சார்லஸ் பியரும் சாறெடுத்து எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார்கள். அப்போதும் இறங்கவில்லை, எலிகள்தான் செத்தன. பார்த்தால் உடம்பெல்லாம் கிருமித் தொற்று. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் சரிந்து கிடந்தன. வெள்ளணுவை இப்படிக் குறைக்கும் பொருள், வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப்புற்றுக்கு ஆகுமே என்று யோசித்த இடத்தில்தான் மருந்து பிறந்தது. 1958-இல், இந்தச் செடியிலிருந்து எடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பற்றிய செய்தி வெளியானது. இதே செடியிலிருந்து எலை லில்லி நிறுவனம் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் அரை டன் காய்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டின் அதைவிட அரிது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த 2 மில்லிகிராமுக்கே கிலோக்கணக்கில் இலை போகும். அதையும் சிரை வழியாக மட்டுமே ஏற்றுவார்கள். தவறி முதுகுத்தண்டு நீருக்குள் போனால் உயிர் போகும். விரல் மரத்துப்போதல், கடும் மலச்சிக்கல் ஆகியவை சரியான அளவிலேயே வரும் பக்கவிளைவுகள்.

ஆக, மாமியார் மெல்லும் ஐந்து பூவில் புற்றுநோய்க்கான அளவும் இல்லை, சர்க்கரைக்கான உறுதியும் இல்லை. இருப்பது, எவ்வளவு என்று தெரியாத எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளின், அதாவது வீரியமான தாவரப் பொருள்களின் கலவை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மெல்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். அதுதான் பூவைவிட ஆபத்து.

கே: கீழாநெல்லி மஞ்சள்காமாலையைக் குணமாக்கும் என்று சென்னையில் நடந்த ஆய்வு லான்செட் இதழிலேயே வந்தது என்கிறார்கள். பிறகு ஏன் எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை? மருந்து கம்பெனிகளின் சதியா? (வாசகர்கள் பலர்)

ப: ஆய்வு உண்மை. சதி என்பதற்கு முன் அந்த ஆய்வு எதைச் சொன்னது என்று பாருங்கள்.

1988-இல் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பாருக் பிளம்பர்கையும் சேர்த்துக்கொண்டு வெளியிட்டது அது. மஞ்சள்காமாலையோடு வந்தவர்களை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியை நாட்பட உடம்பில் சுமப்பவர்களுக்குச் செடித்தூளை 30 நாள் கொடுத்தார்கள். முடிவில் 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் காணவில்லை. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஆள் எண்ணிக்கை குறைவு, கவனித்த காலம் குறைவு என்பது ஒன்று. எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறு: எல்லா ஊரிலும் கொடுத்தது ஒரே செடிதானா? அதே இனமாகவே இருந்தாலும் மண், பருவம், பறித்த வயது, உலர்த்திய விதம் மாறினால் உள்ளிருக்கும் சத்தின் அளவு மாறும். செடித்தூளை அப்படியே மருந்தாகக் கொடுக்கும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் உறைக்குள் அடைபட்டுக் கூடவே வருகின்றன. ஒரே ஒரு மூலக்கூற்றைப் பிரித்து, இத்தனை மில்லிகிராம் என்று நிறுத்தித் தரும் நிலை கீழாநெல்லிக்கு இன்னும் வரவில்லை.

நாட்டுமருந்துக் கடையில் 'கீழாநெல்லி' என்று கட்டித் தரும் கட்டையே பிரித்துப் பாருங்கள். நிஜக் கீழாநெல்லி, அதாவது ஃபைலாந்தஸ் அமாரஸ், பச்சைத் தண்டு. காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் இலைக்கடியில் வரிசையாகத் தொங்கும். தண்டு செம்மை ஓடி, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக இருந்தால் அது ஃபைலாந்தஸ் யூரினேரியா. இலை நுனி அகன்று, அடி ஆப்புப்போல் குறுகியிருந்தால் மேலாநெல்லி. இவற்றைப் பிரிப்பது எளிது. தலைவலி தருவது ஃபைலாந்தஸ் ஃபிராடெர்னஸ். வெறுங்கண்ணுக்கு அமாரஸ் மாதிரியேதான் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பூவின் இதழ்களை எண்ண வேண்டும்: ஐந்து என்றால் அமாரஸ், ஆறு என்றால் மற்றது. காய்ந்து நொறுங்கிய கட்டில் பூவே இருக்காது. அப்போது ஆய்வகத்தில் ஃபிலாந்தின் என்ற சத்தின் அளவைப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். கீழாநெல்லிக்கு ஊரில் உள்ள புகழில் ஒரு பங்கு இப்படி வந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறக்கூடாது. திடீரென நிறுத்தினால் கிருமி சீறி எழுந்து ஈரல் செயலிழந்துபோகலாம்.

கே: சர்ப்பகந்தி என்று ஒரு காலத்தில் அமர்க்களப்பட்டதே, எங்கே போயிற்று? (வாசகர், திருவாரூர்)

ப: பின்வரிசைக்குப் போயிற்று. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் அந்த மூலிகையின் வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தது. மனச்சோர்வு உண்டாக்குகிறது என்ற கெட்ட பெயரும், அடுத்தடுத்து வந்த நல்ல மாத்திரைகளும் அதை ஓரங்கட்டின. அதே வேரில் 1931-இலேயே சலீமுஸ்ஸமான் சித்தீகி பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் பெயரை வைத்த அஜ்மலின் மட்டும் இன்றும் சில நாடுகளில் வேலை பார்க்கிறது. புருகாடா என்ற இதய மின்கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதை ஊசியில் ஏற்றுவார்கள்.

கே: எம்.எஸ்சி. படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் கட்டிக்குப் போடும் ஓர் இலையின் மெத்தனால் சாற்றை, ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா புற்றுச்செல்லில் மில்லிக்கு 500 மைக்ரோகிராம் போட்டேன். 80 சதவீதம் செல் செத்துவிட்டது. ஜி.சி.எம்.எஸ். (ஆவியாக்கிப் பொருள்களை இனம்காணும் சோதனை) எடுத்ததில் 32 பொருள்கள் வந்தன. அடுத்து என்ன செய்யலாம்? பேட்டன்ட் போடலாமா? (மாணவி, திருச்சி)

ப: ஆர்வத்துக்கு வாழ்த்து. ஆனால் 500 என்பது மிகப் பெரிய அளவு. அந்தச் செறிவில் காப்பித்தூள் சாறு போட்டாலும் செல் செத்துவிடக்கூடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோல்படி, பாதிச் செல்லைக் கொல்ல மில்லிக்கு 20 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ போதுமென்றால்தான் கச்சாச் சாற்றை மேலே கொண்டுபோவார்கள். தனிப்பொருள் என்றால் 4. வேறு மாதிரியும் கணக்குப் பார்க்கலாம். உடம்பின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் உங்கள் செறிவு வர, இரண்டரை கிராம் சாறு ஒரே நேரத்தில் ரத்தத்துக்குள் இருக்க வேண்டும். வாயில் விழுங்குவதில் எத்தனை பங்கு அங்கே போய்ச் சேரும்?

முதலில் செடிக்கு வாருங்கள். பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்தி, முதல் சில நாள் தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். பூவின் நிறம், பால் வடிகிறதா, எந்த இடம், எந்தத் தேதி என்பதைப் பறிக்கும்போதே எழுதிவிடுங்கள். உலர்ந்தபின் நிறம் போய்விடும். உங்கள் ஊரிலேயே புனித வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அங்கே காட்டிப் பெயரை உறுதிசெய்து, மாதிரிக்கு எண் வாங்குங்கள். இந்த எண் இல்லாத ஆய்வை நாளைக்கு ஒருவராலும் திருப்பிச் செய்ய முடியாது.

பிறகு சாறு. நிழலில் உலர்த்திய இலை 100 கிராம், ரவை பதத்தில். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். முதலில் ஹெக்சேன், அடுத்து எத்தில் அசிடேட், கடைசியில் மெத்தனால், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் வீதம், இரண்டு மூன்று நாள் ஊறல். வெற்றிட ஆவியாக்கியில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் வந்தது என்று எழுதி, மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். எதில் வீரியம் இருக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரியுங்கள். வீரியம் போகும் வழியில்தான் நாமும் போக வேண்டும், எளிதாகப் படிகமாகும் பொருளின் பின்னால் போகக்கூடாது. அப்படிப் போனவர்கள்தான் பெரும்பாலான செடிகளில் இருக்கும் பீட்டா-சிட்டோஸ்டீராலை ஆயிரமாவது முறையாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஏமாற்றும் இடங்கள் மூன்று. கட்டிக்குப் போடும் இலை என்றால் துவர்ப்பு இருக்கும், அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் இருக்கும். டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து இறுக்கும், எந்தச் செல்லையும் கொல்லும். அதை முதலில் நீக்கிவிட்டுச் சோதியுங்கள். இரண்டாவது எம்.டி.டி. சாயம், உயிருள்ள செல் இருந்தால் ஊதாவாகும் சாயம். செல்லே இல்லாத குழியிலும் சில சாறுகள் அதை ஊதாவாக்கிவிடும். செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் போட்ட குழிகளை ஒவ்வொரு தட்டிலும் வைக்க வேண்டும். மூன்றாவது, வீரோ போன்ற சாதாரணச் செல்லிலும் போட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவில் செத்தால் அதற்குப் பெயர் விஷம்.

ஜி.சி.எம்.எஸ். பட்டியலை நம்பி ஆய்வேட்டை நிரப்பாதீர்கள். சூட்டில் ஆவியாகிற பொருள் மட்டுமே அதில் தெரியும். மெத்தனால் சாற்றில் நிறைந்திருக்கும் கிளைக்கோசைடுகள், அதாவது சர்க்கரை ஒட்டிய பொருள்கள், அதில் வராது. 32 பெயரில் தாலேட் என்று முடிவது ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அது பெரும்பாலும் நீங்கள் சாறு வைத்திருந்த பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. எத்தனையோ கட்டுரைகளில் அது மூலிகைச் சத்தாக ஏறி உட்கார்ந்திருக்கிறது! ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்துப் பார்க்கும் எல்.சி.எம்.எஸ். எடுங்கள்.

பேட்டன்ட் கேள்விக்கு அடுத்த பதிலைப் பாருங்கள். அந்தப் பாட்டிமார்களின் பெயரை இப்போதே குறித்து வையுங்கள்.

கே: எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக வாதத்துக்கு ஒரு தைலம் காய்ச்சுகிறோம். ஒரு கல்லூரியில் பக்குவம் கேட்கிறார்கள். சொன்னால் திருடிவிடுவார்களா? நாங்களே பேட்டன்ட் வாங்க முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: பரம்பரை அறிவை அப்படியே பேட்டன்ட் செய்ய இந்தியச் சட்டம் விடாது, பேட்டன்ட் சட்டத்தின் 3(p) பிரிவு. உங்களுக்கும் கிடையாது, கல்லூரிக்கும் கிடையாது. தைலத்திலிருந்து புதிதாக ஏதாவது பிரித்தோ மாற்றியோ கண்டுபிடித்தால் வாங்கலாம். அப்போது இந்தியத் தாவரத்தை வைத்துச் செய்த கண்டுபிடிப்புக்கு, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடமும் போக வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு.

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த பேட்டன்ட், 1997-இல் ரத்தானது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 32 பழைய ஆதாரங்களைக் கொண்டுபோய்க் காட்டியது. எல்லாமே எழுத்தில் இருந்தவை. சுவடியிலும் நூலிலும் உள்ள சித்த மருத்துவ முறைகளை மின்னூலகமாக்கிப் பேட்டன்ட் அலுவலகங்களுக்குக் கொடுத்திருப்பதும் அதற்காகத்தான். உங்கள் தைலம் வாய்மொழி. அந்த நூலகத்தில் அது இருக்காது. வாய்மொழி அறிவையும் ஆட்சேபத்துக்குக் காட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நிரூபிக்கிற பாடு உங்களுடையது.

எனவே எழுதுங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த மாதம் எடுப்பது, எத்தனை பலம், என்ன எண்ணெய், என்ன பதம், யாருக்குப் போடக்கூடாது. ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறித்துவைக்கும் உங்கள் பஞ்சாயத்தின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அதைச் சேர்க்கும்போது, பக்குவம் முழுவதையும் வெளியிடுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கல்லூரியிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். லாபத்தில் என்ன பங்கு, கட்டுரையில் யார் பெயர், பக்குவத்தை மூன்றாம் ஆளுக்குச் சொல்லலாமா என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கியபின் அடுப்பைப் பற்றவையுங்கள்.

கே: ஆரோக்கியப்பச்சையில் காணி மக்களுக்குப் பணம் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

ப: கிடைத்தது, கொஞ்சம். 1987-இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன புஷ்பாங்கதன் குழு மலையேறிக் களைத்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட குழு, கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் பூங்காவில் அந்தச் செடியின் (ஆரோக்கியப்பச்சை) இலையைக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்து செய்து, கோவை நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத விற்பனைப் பங்குக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அறக்கட்டளை பதிவானது, 1999-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் பணம் போனது. உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசினார்கள். காணிகள் தின்றது பழம், கம்பெனிக்கு வேண்டியது இலை. இலைக்காகச் செடி அழியும் என்று வனத்துறை தடுத்தது. அறக்கட்டளையும் கேரளத்துக் காணிகளுடையது. உங்கள் பக்கம் பாபநாசம் மலையில் இருக்கும் காணிகள் அதற்குள் வரவில்லை.

கே: மூலிகையைக் கொதிக்கவைத்தால் சத்து போய்விடுமா, பச்சையாகப் பிழிவது மேலா? (வாசகி, தாம்பரம்)

ப: எந்தச் சத்து என்பதைப் பொறுத்தது. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய டூ யூயூ, பழைய நூலொன்றில் 'ஒரு பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி' என்று இருந்ததைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லை. அதுவரை சூடாக்கி எடுத்த சாறு ஒரு தடவை வேலை செய்யும், மறுதடவை செய்யாது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் சாறு எலி மலேரியாவை முழுதாக அடக்கியது. 2015-இல் நோபல். அதற்காக நிலவேம்பைப் பச்சையாகப் பிழிய வேண்டாம். அதன் கசப்புச் சத்து தண்ணீரில் எளிதில் கரையாது. 200 மில்லியை 50 ஆக வற்றக் காய்ச்சி, ஆறவிட்டு, வைத்துவிடாமல் அன்றன்றே குடிப்பதுதான் முறை.

கே: ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். விதையைக் கிலோக்கணக்கில் விற்பதைவிட நாங்களே கால்சிசின் எடுத்து விற்றால் என்ன? (விவசாயிகள் குழு)

ப: செய்யாதீர்கள். விதையில் கால்சிசின் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒரு கிராம் விதையில் ஐந்து மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கலாம். கீல்வாதத்துக்குத் தரும் மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். பத்து மாத்திரை ஒரு கிராம் விதையில்! எடுப்பதற்குக் கொழுப்பு நீக்க ஒரு கரைப்பான், சத்து இறக்க இன்னொன்று, பிறகு சுத்திகரிப்பு, மருந்து உற்பத்தி உரிமம் என்று போகும். தூள் மூச்சில் போனாலே ஆபத்து. விழுங்கியவருக்கு முதல் நாளில் வாந்தி பேதி, பிறகு தெளிந்த மாதிரி இருக்கலாம், இரண்டு மூன்று நாளில் உறுப்புகள் விழும். டயாலிசிஸாலும் அதை வெளியே எடுக்க முடியாது.

விலை கூட வேண்டுமானால் தோட்டத்திலேயே வழி இருக்கிறது. இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையிலேயே போய், அன்று விரிந்த பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவின் சூல்முடியில் தடவுங்கள். வெயில் ஏறினால் சூல்முடி உலர்ந்துவிடும். காய் வெளிர்ந்து தோல் சுருங்கும்போது பறித்து, நிழலில் பத்து நாள் பரப்புங்கள். மழைநாளில் பறித்துக் குவித்தால் பூஞ்சணம் ஏறும், வியாபாரி கழித்துவிடுவார். தோல் துணுக்கு ஒட்டாமல் புடைத்து, கால்சிசின் சதவீதம் ஆய்வகத்தில் பார்த்துச் சான்றோடு விற்றால் பேரம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். கிழங்கை மட்டும் வீட்டுத் திண்ணையில் போட்டுவைக்காதீர்கள். வள்ளிக்கிழங்கு என்று வேகவைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு.